எக்செல்லுக்குப் பூட்டிய இரும்பு

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 இருவர் போகும் மொபெட். மல்லசமுத்திரம் பக்கம் பால் ஊற்றுகிறவர் அதன் வாரிசான எக்செல்லை வாங்கியபடியே ஓட்டமாட்டார். முதலில் பின்சீட்டு கழலும். அங்கே ஆங்கிள் இரும்பில் வெல்டிங் வைத்த கேரியர். இருபுறமும் பால்கேன் மாட்டக் கம்பிக் கொக்கி. அந்த வளைவில்தான் கைவேலை: குலுங்கினாலும் கேன் கழலக் கூடாது, சொசைட்டி வாசலில் ஒரே தூக்கில் வந்துவிட வேண்டும். உரசாமலிருக்கக் கம்பிக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்று. அதே டியூபை நீளமாக அறுத்தால் தீவனமூட்டை கட்ட வார். பின்பாரம் மிகுந்தால் முன்சக்கரம் லேசாகும், அதற்குத்தான் கால்வைக்கும் தளத்தில் இன்னொரு மூட்டை. 99.7 சிசி எஞ்சினுக்கு இதெல்லாம் அதிகம்தான். ஹேண்டில்பாரில் ஆடும் பிளாஸ்டிக் குஞ்சத்தால் ஒரு பயனுமில்லை. எனக்கு அதுவும் பிடிக்கும்.