வக்காலத்து

தமிழில் வக்கீல் இல்லை. வழக்கு உண்டு, சபை உண்டு, தீர்ப்பு உண்டு, தவறிய தீர்ப்பும் அதனால் எரிந்த ஊரும்கூட உண்டு. பிறருக்காகப் பேச எழுந்து நிற்கிறவன் மட்டும் இல்லை. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. நம் எழுத்தின் ஒரு லட்சணமாக இதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த யோசனையைக் கிளப்பிவிட்டது ஒரு படிவம். மயிலாப்பூரில் எங்கள் மாடிக் குடித்தனத்துப் பையன் சட்டம் படிக்கிறான். அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கற்பனை தேசத்தை நடத்திவருகிறார்கள். அதற்கு அரசியல் சட்டம், மந்திரிசபை, உயர்நீதிமன்றம் எல்லாம் உண்டு. அந்த நீதிமன்றத்தில் வாதாட வேண்டுமானால் அதன் பார் கவுன்சிலுக்கு மனுப் போட்டு, கேள்விகளுக்கு விடை எழுதி, சேர்க்கை பெறவேண்டும். மந்திரியாவதற்கு இத்தனை கெடுபிடி கிடையாதாம். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக வங்கிக் கவுண்டரில் படிவங்களோடு காலந்தள்ளுகிறவனுக்கு அவற்றில் ஒருவித ரசனை ஏற்பட்டுவிடுகிறது. பெயர், தெரிந்த சட்டங்கள், ஒரு கற்பனை வழக்குக்கு மாதிரி வாதம், நன்னடத்தை உறுதிமொழி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. யாருக்காகப் பேசப்போகிறாய் என்ற கேள்வி மட்டும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அந்த தேசத்தில் எல்லோரும் மந்திரிகள், நீதிபதிகள், வக்கீல்கள். குடிகள் கிடையாது.

பிள்ளை விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நிஜமான பார் கவுன்சிலே தன் 2008ஆம் வருஷத்து விதிகளில் இந்த விளையாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்ட மாணவன் மூன்று மாதிரி வழக்குகள் வாதாடவேண்டும், மொத்தம் 30 மதிப்பெண். லண்டனில் காந்தி பாரிஸ்டரானபோது விளையாட்டு இன்னும் வெளிப்படையாக இருந்தது. பரீட்சை போக, ஒவ்வொரு பருவத்திலும் இன்னின் 24 விருந்துகளில் ஆறிலாவது உட்கார்ந்து எழுந்திருக்கவேண்டும். நால்வர் கொண்ட ஒவ்வொரு பந்திக்கும் இரண்டு புட்டி மது. குடிக்காத காந்தியைத் தங்கள் பந்தியில் உட்காரவைத்துக்கொள்ளப் போட்டி இருந்ததாக அவரே எழுதுகிறார். 1891 ஜூன் 10இல் இப்படிச் சாப்பிட்டுச் சேர்ந்தவர் அவர். மூன்று வருஷம் கழித்து நேட்டாலில் இன்னொரு சேர்க்கைக்கு மனுப் போட்டார். அங்கே விருந்து இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம் இலக்கியம். கண்ணகி தன் வழக்கைத் தானே பேசுகிறாள். சாட்சிப் பொருளும் அவள் கையிலேயே இருக்கிறது. பெரிய புராணத்தில் சுந்தரர் வழக்கு, சட்ட ரீதியாகப் பார்த்தால், சிலம்பைவிட நுணுக்கமானது. புத்தூர்க் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் அடிமை ஓலையோடு வருகிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது நகல், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. சபை கூடுகிறது. பாட்டனாரின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்று சொல்லப்படும் சேக்கிழாருக்கு ஆவணத்தின் வாசனை தெரிந்திருக்கிறது. நகல், அசல், கையெழுத்து ஒப்புநோக்கு என்று இன்றைய சாட்சியச் சட்டத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் வாதியும் பிரதிவாதியும் நேருக்கு நேர் நின்றுதான் பேசுகிறார்கள். இத்தனை நுணுக்கம் தெரிந்தவருக்கு நடுவில் ஒருவரை நிறுத்தத் தோன்றவில்லை.

பேச்சு வழக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்பது தமிழில் வசவு. ‘சட்டம் பேசாதே’ என்பதும் அப்படியே. தனக்காகப் பேசுகிறவனை நாம் மதிக்கிறோம். பிறருக்காகப் பேசுகிறவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

முதல் நாவலாசிரியர் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்திலேயே பிழைத்தவர். மாயவரத்தில் முன்சீப். தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவர். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் அவரும் ஒரு கற்பனை அரசாங்கம் நடத்துகிறார். ஆண் வேஷத்தில் இருக்கும் ஞானாம்பாளுக்கு யானை மாலை போட, அவள் விக்கிரமபுரிக்கு ராஜாவாகிறாள். தமிழ்க் கட்சிக்காரனுக்காகத் தமிழ் நீதிபதி முன் தமிழ் வக்கீல் இங்கிலீஷில் வாதிப்பதை நாவல் நீளமாகக் கண்டிக்கிறது. கண்டனம் நியாயமானது. அரசியல் சட்டத்தின் 348ஆவது ஷரத்தின்படி உயர்நீதிமன்றத்தில் இன்றும் மொழி இங்கிலீஷ்தான். தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டசபையில் போட்ட தீர்மானத்துக்கு இன்னும் பலன் இல்லை. ஆனால் இலக்கியப் பார்வையில் வேறொன்று முக்கியம். பிள்ளை வக்கீல்களை மேடையிலிருந்து குனிந்து பார்க்கிறார். அவருக்கு வக்கீல் ஒரு தொந்தரவு. ஒரு பாத்திரமாக அவன் உருப்பெறவில்லை.

அதன் பிறகும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. லஸ்ஸைச் சுற்றி ஒரு காலத்தில் வக்கீல்களின் ராஜ்யம். பாஷ்யம் ஐயங்கார், மணி ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர். பாரதியின் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் கிருஷ்ணசாமி ஐயர். சமஸ்கிருதக் கல்லூரியும் அவர் வைத்தது. கோயில், சபா, பள்ளிக்கூடம், காங்கிரஸ் எல்லாம் இவர்கள் கையில். கதைகளிலும் வக்கீல் வராமலில்லை. வக்கீல் வீட்டுத் திண்ணை, கார், பெண்ணின் கல்யாணம் எல்லாம் வருகின்றன. வக்கீல் வீடு வந்த அளவுக்கு வக்கீல் வேலை வரவில்லை.

சினிமாவில் வந்தது. ‘பராசக்தி’யில் (1952) குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனே பேசிவிடுகிறான், அது கண்ணகி வழி. ‘கௌரவம்’ (1973) பாரிஸ்டர் ரஜினிகாந்த் கொலைகாரன் ஒருவனுக்காக வாதாடுகிறார், ஆனால் தனக்குக் கிடைக்காமல் போன நீதிபதி பதவிக்காகத்தான். கட்சிக்காரன் வெறும் சாக்கு. டீக்கடைகளில் வசனம் ஓயாமல் ஒலித்த ‘விதி’யில் (1984) ஏமாற்றப்பட்ட பெண்ணுக்காக ஒரு பெண் வக்கீல் வருகிறாள். போகப்போக, எதிர்க்கட்சி வக்கீலால் ஏமாற்றப்பட்டவள் அவளே என்று தெரிகிறது. மூன்று படங்களிலும், பிறருக்காகப் பேசுவது எங்கோ ஓரிடத்தில் தனக்காகப் பேசுவதாகிவிடுகிறது. அப்போதுதான் கொட்டகையில் கைதட்டல் விழுகிறது. பிறருக்காகப் பேசுவதை அதன் அளவிலேயே நம்ப நமக்கு மனம் வருவதில்லை.

ஆனால் நிஜ வாழ்வில் அந்த உரிமைக்காக ஜனங்கள் வாசலில் நின்று போராடியிருக்கிறார்கள். 1916இல் ரெஜினா குஹாவின் மனுவைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் நிராகரித்தது. 1879ஆம் வருஷத்துச் சட்டத்தில் ‘நபர்’ என்ற சொல் பெண்ணைக் குறிக்காதாம். ஆண்பால் சொன்னால் பெண்பாலும் அடங்கும் என்ற பொது விதி கையில் இருந்தும் இப்படித் தீர்ப்பு. விமர்சகர்கள் படிக்கவேண்டிய தீர்ப்பு இது. ஒரு சொல்லை எப்படிப் படிப்பது என்பதில் ஒருத்தியின் ஜீவனம் தொங்கியது. அதைத் திருத்த 1923இல் தனிச் சட்டம் போடவேண்டியிருந்தது. திருநங்கையான சத்யஸ்ரீ சர்மிளா, சட்டம் படித்து முடித்துப் பல வருஷங்கள் கழித்து, 2018 ஜூன் 30இல் தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டார். பதிவுக் கட்டணம் இன்னொரு கதவு. சட்டப்படி 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு 125. மாநிலக் கவுன்சில்கள் பல ஆயிரங்களாக வசூலித்து வந்ததை உச்சநீதிமன்றம் 2024 ஜூலை 30இல்தான் நிறுத்தியது.

இந்தக் கதவைத் தாண்டினால் கிடைப்பது கௌரவம் என்று மாடிப் பையன் நினைக்கிறான். கிடைப்பது ஒரு கட்டு. வக்காலத்து நாமாவில் கட்சிக்காரன் கையெழுத்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் கைநாட்டு. அவன் நினைத்தால் வேறு வக்கீலிடம் போகலாம். அவன் சொல்லாததை வக்கீல் சொல்லமுடியாது. தி. நகர்க் கிளையில் என் முன்னால் தினமும் நாலு பேராவது சலானை நீட்டி, ‘நீங்களே எழுதிடுங்க சார்’ என்கிறார்கள். எழுதித் தருகிறேன். தொகையில் ஒரு சைபரை நானாகச் சேர்த்தால் வேலை போய்விடும். கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பயம் இல்லை. அவன் யாருடைய கைநாட்டும் வாங்காமல் ஊரார் வாழ்க்கையில் சைபர் சேர்க்கிறான்.

‘ஜெய் பீம்’ (2021) எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். தமிழில் அபூர்வமாக, வக்கீல் அதில் தன் வழக்கைப் பேசவில்லை. 1993இல் போலீஸ் பிடியில் ராஜாக்கண்ணு செத்த விவகாரம் அது. அவர் மனைவிக்காக அப்போது வக்கீலாக இருந்த கே. சந்துரு நிஜமாக நடத்திய வழக்கு. படம் அந்த உழைப்பை, கோப்பு, ஆள்கொணர்வு மனு, குறுக்கு விசாரணை என்று பொறுமையாகக் காட்டுகிறது. ஆனால் நிஜத்தில் அந்தக் குடும்பம் குறவர். படத்தில் இருளர். வக்கீல் சந்துரு தம் மனுவில் கட்சிக்காரரின் ஜாதியை மாற்றி எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் மனு அன்றே தள்ளுபடி. டைரக்டரால் முடிந்தது. இருளருடைய துன்பத்தையும் சேர்த்துச் சொன்னதால் நன்மைதானே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இருக்கலாம். குறவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் முந்நூறு பேரில் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்ததையொட்டி, யார் யாரைப் பற்றி எழுதலாம் என்று ஒரு சண்டை நடந்தது. இரண்டு கட்சி. அனுபவித்தவன்தான் எழுதவேண்டும் என்றது ஒன்று. கலைஞனுக்கு எல்லை கிடையாது என்றது மற்றது. இரண்டுமே சன்னதைப் பற்றிய வாதங்கள். க.நா.சு.வின் பட்டியல்களிலிருந்து நமக்குத் தொற்றிய வியாதி இது என்றுகூடச் சொல்லலாம்: யார் உள்ளே, யார் வெளியே. வக்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி எழுதலாமா என்பதைவிட, எழுதியதை அவர் படித்து, ‘இது நான் சொன்னதில்லை’ என்றால் அதற்கு நான் எங்கே பதில் சொல்லுவேன் என்பது கடினமான கேள்வி. வக்கீலுக்கு அதற்கு ஓர் இடம் இருக்கிறது. நமக்கு இல்லை. சில நல்ல கதைகள் அந்த இடத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. பாத்திரம் ஆசிரியனை மறுத்துப்பேச அவற்றில் வழி இருக்கிறது. பெரும்பாலான ‘அனுதாப’க் கதைகளில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பாத்திரம் அழுகிறது, ஆசிரியன் பேசுகிறான்.

இனி நேட்டால். 1894இல் அங்கே காந்தி மனுப் போட்டபோது வக்கீல் சங்கம் எதிர்த்தது. சட்டம் வெள்ளை கறுப்பு என்று பிரிக்கவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பிரமாணம் எடுத்து முடிந்ததும் தலைமை நீதிபதி தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். முந்தின வருஷம் டர்பனில் மாஜிஸ்திரேட் சொன்னபோது கழற்ற மறுத்து எழுந்து போனவர், இப்போது கழற்றினார். பெரிய சண்டைகளுக்குப் பலத்தை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று காரணம் சொல்கிறார். அப்துல்லா சேட்டுக்கும் நண்பர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

தொழில் தொடங்கி மூன்று நாலு மாசம்கூட ஆகியிருக்காது. கிழிந்த துணியோடு, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்க் கூலி வந்து நிற்கிறார். பாலசுந்தரம். எஜமான் அடித்த அடி. வெள்ளைக்காரர் முன் தலைப்பாகையைக் கழற்றுவது அங்கே கூலிகளின் மேல் சுமத்தப்பட்ட வழக்கம். காந்தி முன்னும் அப்படித்தான் என்று அவர் நினைத்துவிட்டார். காந்தி அதைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். தயங்கிக் கட்டிக்கொள்கிறார். அப்போது அவர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்ததாக எழுதுகிறார் காந்தி. கழற்றிய தலைப்பாகையைப் பற்றிய அத்தியாயத்துக்கும் கட்டிய தலைப்பாகையைப் பற்றிய அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரே ஓர் அத்தியாயம். தம்மைக் கழற்றச் சொன்னதை ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். சாமர்த்தியமான நாவலாசிரியன் இந்த இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருப்பான்.

வழக்கும் நாடகமாக இல்லை. டாக்டரின் சான்று, மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஜமானைத் தண்டிப்பதில் காந்திக்கு அக்கறை இல்லை. பாலசுந்தரத்தை ஒப்பந்தத்திலிருந்து பெயர்த்து வேறு எஜமானிடம் மாற்றவேண்டும், அது நடந்தது. பாலசுந்தரம் கேட்டதும் அதுவேதானா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அன்று காந்திக்கு அவர் பாஷை தெரியாது. விவரமெல்லாம் தம் குமாஸ்தா மூலம் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார், குமாஸ்தா தமிழர். உடைந்த பல்லோடு அந்த மனிதர் தமிழில் என்ன சொன்னார் என்பது ‘சத்திய சோதனை’யில் ஒரு வரிகூட இல்லை. கேட்டது அந்தக் குமாஸ்தா ஒருவர்தான்.