அசல், நகல், அரியது: பழைய ஆர்கேட் விளையாட்டுகளைச் சேகரிப்போர் குறித்துச் சில கேள்விகள்

காசு போட்டு நின்றபடி ஆடும் பழைய ஆர்கேட் பெட்டிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் ஜப்பானிலும் மேற்கு நாடுகளிலும் பெருகியுள்ளனர். 1978இல் டைட்டோ வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் நாம்கோவின் பாக்-மேன் ஆகியவற்றிலிருந்து தொடங்கும் வரலாறு அவர்களுடையது. அவர்களது உழைப்பை நான் மறுக்கவில்லை. என் விமர்சனம் அவர்கள் கையிலுள்ள அளவுகோல் பற்றியது. 'அரியது' என்ற தகுதி பெரும்பாலும் உரிமம் பெற்ற அசலுக்கே வழங்கப்படுகிறது. அனுமதியின்றிச் செய்யப்பட்ட நகல் பலகைக்கு மதிப்பில்லை. உதிரிப் பாகத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

இந்த அளவுகோலின்படி பார்த்தால் யாங்கோனின் போட்டாதாங்கில் நாங்கள் ஆடியது எதுவுமே வரலாறு அல்ல. 1962 முதல் 1988 வரை மூடிக்கிடந்த நாடு. வெளிநாட்டுச் சாமான் என்றால் கள்ளச் சந்தை. கதவு சிறிது திறந்த பிறகு எங்கள் தெருவுக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பலகையில் செய்தவர் பெயரே கிடையாது. 1996 டிசம்பரில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இழுத்து மூடப்பட்டன, 2000 வரையில். அப்போது நான் இளம் விரிவுரையாளன். என் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் பகல் முழுவதும் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தமிழும் பர்மியமும் சீனமும் கலந்த ஒரு வசவு மொழியே அங்கு உருவாயிற்று. (உதாரணங்களை ஆசிரியர் குழு அச்சிடாது.)

1960களின் தேசியமயமாக்கலுக்குப் பின் இதே நகரிலிருந்து கப்பலேறிய தமிழர் சென்னைப் பாரிமுனையில் 1969இல் அமைத்த பர்மா பஜாரும் இவ்வகை வரலாறுதான். பிற்காலத்தில் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் கேம் காட்ரிட்ஜுகளை அங்கே வாங்கிய ஒரு தலைமுறை உண்டு.

நகல் என்பது அசலின் இழிந்த நிழல் என்ற எண்ணத்தை இத்துறையின் சொந்த வரலாறே மறுக்கிறது. பாக்-மேனை அனுமதியின்றி மாற்றி அமெரிக்க இளைஞர் சிலர் செய்த 'கிரேஸி ஆட்டோ'தான் 1982இல் மிஸ் பாக்-மேனாக முறைப்படி வெளிவந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் 'ரெயின்போ' என்னும் திருட்டுப் பதிப்பின் வேகத்துக்கு ஆட்டக்காரர்கள் பழகிப்போனதால், கேப்காம் 1992 இறுதியில் தானே வேகம் கூடிய பதிப்பை வெளியிட நேர்ந்தது. இங்கே எது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது?

போட்டாதாங் பகோடாவே 1943 நவம்பரில் நேச நாட்டு விமானக் குண்டுவீச்சில் தரைமட்டமாகி, விடுதலைக்குப் பின் எழுப்பப்பட்டதுதான். வெளித்தோற்றம் பழையது போல. உள்ளேயோ மக்கள் நடந்து செல்லும்படி கூடாகக் கட்டினார்கள். அதை யாரும் போலி என்பதில்லை.

இன்னொன்று. இன்று நான் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளுக்கு ஈயம் வைப்பவன். எனவே இதைக் கையறிவோடு சொல்ல முடியும். பெரிய நிறுவனங்களின் பிற்காலப் பலகைகளில் பல, தகவல் நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட சில்லுகளைக் கொண்டவை. நகல்காரர்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் ஈப்ரோம்: மேலே சிறு கண்ணாடிச் சன்னல், புற ஊதா ஒளி புகாதிருக்க அதன்மேல் ஒரு காகித ஒட்டு. ஒட்டு உரிந்தாலும் ஆபத்து. உரியாவிட்டாலும் பத்தாண்டுகள் கழியக் கழிய உள்ளிருக்கும் மின்னூட்டம் கசிந்து நினைவு மெல்ல அழியும். ஆக, மதிப்பற்றதென்று ஒதுக்கப்படுவதே முதலில் சாகிறது.

1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய 'மேம்' மென்பொருள் இவ்விடயத்தில் சேகரிப்போரைவிட நேர்மையானது. அது நகல் பலகைகளின் சில்லுகளையும் படித்து, நகல் என்றே குறித்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு பலகை எந்தத் தெருவில் ஓடியது, ஓர் ஆட்டத்துக்கு என்ன வாங்கினார்கள், மின்சாரம் போன இரவுகளில் கடைக்காரர் என்ன செய்தார் என்பதை எந்தச் சில்லும் சொல்லாது. யாங்கோனிலோ, யாழ்ப்பாணத்திலோ, சென்னையிலோ அப்படியொரு கடையில் நின்றவர்கள் இவ்விதழின் வாசகரில் இருப்பீர்கள். கடை இருந்த தெருவையும் ஆண்டையும் குறித்து எழுதுங்கள். பலகை கையில் இருந்தால் அந்தக் காகித ஒட்டை உரிக்காதீர்கள்.