இரண்டு லாரி மூலதனம்

2020-இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் 10,000-ஆவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை 2025 பிப்ரவரியில், பீகாரின் பாகல்பூரில் பிரதமர் தொடங்கிவைத்தார். எண்ணிக்கை எட்டியாகிவிட்டது. இந்த நிறுவனங்கள் எதை விற்றுப் பிழைக்கப்போகின்றன என்பதை யாரும் அவ்வளவு அக்கறையாகக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அரசு அமைத்த அலக் குழுவின் பரிந்துரையை ஏற்று 2002-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு இந்த நிறுவன வடிவம் வந்தபோது, கூட்டுறவுச் சங்கங்களை முடக்கிய அரசுப் பிடி இதில் வரவில்லை. விளைவிப்பவர் மட்டுமே பங்குதாரர். தனி உழவர்களே உறுப்பினர்களாக உள்ள நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். பணக்காரர் ஒருவர் மொத்தமாக வளைத்துப் போட முடியாது.

சிக்கல் பணத்தில் இருக்கிறது. ஆயிரம் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் 10 லட்சம். அரசு அதற்கு ஈடாகத் தருவதையும் சேர்த்தால் 20 லட்சம். 2024-25-இல் நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். அந்த விலைக்கு வாங்கினால் முப்பது டன்கூடத் தேறாது. இரண்டு லாரி லோடு. அதே ஆயிரம் பேர் ஆளுக்கு ஓர் ஏக்கர் போட்டாலே நூற்றுக்கணக்கான டன் விளையும். மிச்சம் எங்கே போகும்? மண்டிக்குத்தான். மண்டிக்காரர் விதைப்புக்கும் கல்யாணத்துக்கும் முன்பணம் தருகிறார், சரக்கு இறங்கியதும் கையில் காசு கொடுக்கிறார். "பத்து நாள் பொறுங்கள்" என்கிற சொந்தக் கம்பெனிக்கு உறுப்பினர் ஏன் போடுவார்?

கடைசியில் பல நிறுவனங்கள் உரக்கடை வைத்து ஒதுங்குகின்றன. நேர்மையான தொழில்தான், ஆனால் ஊரில் ஏற்கெனவே மூன்று உரக்கடை உண்டு. நிர்வாகச் செலவுக்கு அரசு தரும் 18 லட்சம் மூன்றாண்டுக்குத்தான். அது தீர்ந்ததும் தலைமைச் செயல் அலுவலர் வேறு வேலை தேடுகிறார்.

நாசிக்கின் சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ் என்ற உற்பத்தியாளர் நிறுவனம் வேறு வழியில் போனது. அதைத் தொடங்கிய விலாஸ் ஷிண்டே முதலில் ஒரே பயிரை, திராட்சையைப் பிடித்தார். ஐரோப்பிய வாங்குபவர் ஏற்கும் மருந்து எச்ச அளவைத் தோட்டத்திலிருந்தே கட்டுப்படுத்தினார்கள். ஆனால் 2022-இல் வந்த 310 கோடி முதலீடு நேராக உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வரவில்லை. துணை நிறுவனம் வழியாகத்தான் வந்தது. வெளியாரைத் தடுக்கும் அதே விதி மூலதனத்தையும் தடுக்கிறது. திராட்சைத் தோட்டக்காரரின் வழி மானாவாரிக் கடலைக்காரருக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசையைத்தான்: முதலில் பயிர், அடுத்து வாங்குபவர், பிறகே உறுப்பினர் சேர்ப்பு. நம் திட்டம் இதைத் தலைகீழாகச் செய்கிறது.

நீங்கள் பங்குதாரராக இருந்தால், அடுத்த பேரவைக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பயிர், யாருக்கு, எந்தப் பணத்தில்?