மூன்று சதவீத விதி எதைச் சொல்லவில்லை?

போன மாதம் காரைக்காலிலிருந்து மச்சினன் போன் செய்தான். அவனிடம் இருப்பது 2018இல் வந்த தலைமுறை ஸ்விஃப்ட், கீழ்நிலை வேரியண்ட். 14 அங்குல இரும்பு ரிம். டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். "மாமா, 17 இஞ்ச் அலாய் போடலாம்னு சொல்றாங்க. மொத்த விட்டம் மூணு சதவீதத்துக்குள்ள மாறினா ஒண்ணும் ஆகாதாமே, சரியா?"

கார் வட்டாரங்களில் கிட்டத்தட்ட வேதவாக்காகப் புழங்கும் விதி இது. விதி தப்பில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று யாரும் கேட்பதில்லை. என் குறை அதுதான்.

முதலில் கணக்கு. டயரில் 165/80 ஆர்14 என்று எழுதியிருந்தால், அகலம் 165 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவர் சேர்த்தால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. ('ஆர்' என்பது ரேடியல். மிஷ்லின் நிறுவனம் அதற்குக் காப்புரிமை வாங்கிய 1946இல் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது.)

இப்போது கடைக்காரர் சொன்ன 205/45 ஆர்17. விட்டம் 616.3 மி.மீ. வித்தியாசம் வெறும் அரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது அரை கிலோமீட்டர்கூடப் பிசகாது. விதிப்படி முழு மதிப்பெண்.

ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். 132 மி.மீ. இருந்தது 92 ஆகிவிட்டது. 30 சதவீதம் போயே போச்சு! விட்டத்தை மட்டும் பார்க்கும் விதிக்கு இது கண்ணில் படாது. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஒரே ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதும் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பிவிடுகிற கதை.

பக்கச்சுவர் என்பது வெறும் ரப்பர் இல்லை. அதற்குள் இருக்கும் காற்றுதான் வண்டியின் முதல் ஸ்பிரிங். பள்ளத்தில் விழும்போது டயர் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நசுங்க இடம் குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் நெளிந்தால் பெரும்பாலும் தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடும். நானே சில வருடங்களுக்கு முன் இதே விதியை நம்பி, வேறொரு வண்டியில் ரிம் அளவைக் கூட்டினேன். ஒரு பாலத்தின் இணைப்பில் 'டொம்' என்று ஒரு சத்தம். மறுநாள் காலை பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். உள்ளே நூலிழை அறுந்த டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

இதைவிட ஆச்சரியமான ஒன்று உண்டு. அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக்குறியீடு. இந்த 14 அங்குல டயரில் வழக்கமாக 85 இருக்கும், அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 205/45 ஆர்17இன் சாதாரண வகையில் 84, அதாவது 500 கிலோ. அகலமான, விலை கூடிய டயர் குறைவாகத் தாங்குகிறது! காரணம் எளிது. சுமையைத் தாங்குவது உள்ளே அழுத்தத்தோடு நிற்கும் காற்று. பக்கச்சுவர் குறைந்தால் காற்றுக்கு இடமும் குறைகிறது. கூடுதல் சுமைக்கென்றே செய்த எக்ஸ்எல் வகையை வாங்கி, அதற்குரிய காற்றழுத்தமும் வைத்தால் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் மூன்று சதவீத விதி அதைக் கேட்கச் சொல்வதில்லை.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். தாழ்ந்த பக்கச்சுவர் வளைவில் குறைவாகச் சாயும், ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும். காய்ந்த, வழவழப்பான சாலையில் அது உண்மையான லாபம். காரைக்காலோ தட்டையான டெல்டா. ஆறும் வாய்க்காலும் அடிக்கடி குறுக்கிடுவதால் வளைவைவிடப் பாலங்கள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்றே தெரியாது. தேய்மானமும் காற்றழுத்தமும் ஒன்றாக இருந்தால், அகலமான டயர் தண்ணீரின் மேல் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும்.

மச்சினன் மாதம் ஒருமுறை அப்பாவைப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவன். சுமார் 130 கிலோமீட்டர், வண்டி நிறைய ஆள், திரும்பும்போது இருட்டு. அவனுக்கான விதி ஸ்பீடோமீட்டரிலிருந்து தொடங்கக்கூடாது.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: "மாப்ள, அதே வண்டியோட மேல்நிலை வேரியண்டுக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 போட்டுச்சு. விட்டம் 621.5, பக்கச்சுவர் 120, சுமைக்குறியீடு 88, அதாவது 560 கிலோ. அழகு வேணும்னா அதுவரைக்கும் போ." பக்கச்சுவரில் இழப்பது 12 மி.மீ. மட்டும். சுமையில் லாபம். முக்கியமாக, அந்த சஸ்பென்ஷனோடு சேர்த்து அதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, விதியைத் தூக்கியெறிய வேண்டாம். அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுமைக்குறியீடு, அடுத்து பக்கச்சுவர், பிறகு ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும், அதன்பின் விட்டம். கடைக்குக் கிளம்பும் முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள்.

மச்சினன் 15 அங்குலத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். "17 பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு மாமா" என்கிறான் இன்னமும். இருக்கும்தான், மறுக்கவில்லை.