வழக்குரையும் குடிகளும்

கண்ணகியின் வரலாற்றை இளங்கோவடிகள் பாடிய காப்பியம் ஓர் அணிகலத்தின் பெயரால் வழங்குகின்றது. மட்டக்களப்பு நாட்டில் அவ்வரலாற்றைப் பாடும் நூலோ ஒரு செயலின் பெயரால் வழங்குகின்றது. முன்னது சிலப்பதிகாரம், பின்னது கண்ணகி வழக்குரை. பெரியகல்லாற்றைச் சூழ்ந்த எழுவான்கரையிலும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பட்டு வரும் இந்நூலை வி. சீ. கந்தையா அவர்கள் 1968 இல் பதிப்பித்து உதவினார்கள். பெயர் வேற்றுமை சிறிதெனத் தோன்றினும் அதனுட் பொதிந்த கருத்துச் சிறிதன்று. நம் மக்கள் உளத்தில் முதன்மை பெற்றது சிலம்பும் அன்று, மதுரையை எரித்த தீயும் அன்று. குடிமகள் ஒருத்தி அரசன்முன் நின்று தன் வழக்கை எடுத்துரைத்தமையே. கற்பின் ஆற்றலையும் ஊழின் வலிமையையும் விரித்துரைக்கும் திறனாய்வாளர் பலர் இதனைப் போதிய அளவு கருதிற்றிலர்.

கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் யாது? அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். தன் களவை மறைப்பதற்கு அவன் கண்ட கருவி அரசாணை. அரசனோ ஊடிய தேவியைத் தணிவிக்கும் விரைவில் ஆராயாது ஆணையிட்டான். கோவலனை நேரிற் கண்டு, இவன் கள்வனாகான் என ஐயுற்ற காவலரும் உளர். பொற்கொல்லனின் சொல்வன்மை அவ்வையத்தை அடக்கிற்று. பொருளாசை கொண்டோன் ஆள்வோன் பக்கத்தில் இடம்பெற, ஆள்வோன் ஆராய்தலைக் கைவிடின், குடிகளுக்குக் காப்பில்லை என்பதை இப்பகுதி ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது.

அத்தகைய அவையிற் கண்ணகி இரந்து நின்றாள் அல்லள், சான்று காட்டினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தன் தேவியின் சிலம்பிற் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பை உடைத்தலும் மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் தன் பிழை உணர்ந்து உயிர்நீத்தான். வழக்கு வென்றது, ஆயினும் கோவலன் மீண்டிலன். வழக்குரை காலங்கடந்து வந்தமையே இக்காப்பியத்தின் பெருந்துயரம். அதன் பின்னர் எஞ்சியது சினம் ஒன்றே. மதுரை எரிந்தது. வெற்றிவேற் செழியன் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரை கூறும். குற்றஞ் செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். ஆராயாது செய்த ஒரு கொலைக்கு ஆராயாது செய்த ஆயிரம் கொலைகள் எங்ஙனம் கழுவாயாகும்?

காலத்தே உரைத்த வழக்கு எப்பயன் தரும் என்பதற்கு நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971 இல் பொசுபேற்றுப் படிவம் கண்டறியப்பட்டது. 1990களில் அதனை ஐக்கிய அமெரிக்காவின் ஃபிரீபோர்ட் மக்மொரான் கம்பனியையும் அதன் துணைக் கம்பனியையும் கொண்டு அகழ்விக்க அரசாங்கம் 30 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை வகுத்தது. அது நிறைவேறின் 2,600 குடும்பங்களுக்கு மேல், ஏறத்தாழ 12,000 பேர், இடம்பெயர நேரும் என வழக்கிற் கூறப்பட்டது. கலாவெவ நீரை அனுராதபுரத்துக்குக் கொண்டுசெல்லும் ஜய கங்கை என்னும் பண்டைக் கால்வாயும் இடருறும் நிலையிலிருந்தது.

இதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடியவர் எழுவர். அறுவர் பயிர்த்தொழிலும் கால்நடை வளர்ப்பும் உடைய ஊரவர். ஒருவர் அவ்வூர் விகாரையின் தலைமைத் தேரர். நாட்டினர் யாவர்க்கும் பொதுவான உரிமை பற்றி இவர்கள் வழக்காடல் பொருந்தாது என்ற எதிர்வாதம் எழுந்தது. 2000 ஆம் ஆண்டு யூன் 2 ஆம் நாள் தீர்ப்புரைத்த நீதியரசர் அமரசிங்க அதனை ஏற்றிலர். பலர்க்கும் பொதுவாயிருத்தல் பற்றி ஓர் உரிமை ஒருவர்க்கு இல்லாது போகாது என்பதே அவர் துணிபு. அரசன் நிலத்தின் காப்பாளனேயன்றி உடையவன் அல்லன் என மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வழங்கும் அறவுரையையும் அவர் எடுத்தாண்டார். அடிப்படை உரிமை மீறல் நேரவிருக்கின்றது என மன்று கண்டது. படிவத்தை முற்ற ஆராய்ந்து, முடிவுகளை மக்கள் அறிய வெளியிடும்வரை ஒப்பந்தம் செய்தல் ஆகாது எனவும் பணித்தது.

இரண்டையும் ஒப்புநோக்குக. மதுரையில் மன்னன் கொலைக்குப் பின்னர் உண்மை கண்டான். எப்பாவல வழக்கில் ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் மன்று உண்மையை நாடிற்று. ‘நேரவிருக்கும்’ என்ற ஒரு சொல்லில் அடங்கியுள்ளது இவ்வேறுபாடு முழுவதும்.

ஆயினும் ஒரு வகையில் பாண்டியன் அவையே மேம்பட்டது. வாயிலோன் அறிவித்த அளவில் அரசன் கண்ணகியை உள்ளே அழைத்தான். அவளுக்குச் செலவும் இல்லை, தவணையும் இல்லை. இன்றைய அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையோ, அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துள் தொடுக்குமாறு விதிக்கின்றது. மூடிய அறையுள் எழுதப்படும் ஒப்பந்தத்தை வயலில் நிற்கும் உழவன் ஒரு மாதத்துள் எங்ஙனம் அறிவான்? ஆதலின் முடிவுகளை வெளியிடுக என்று மன்று பணித்த அப்பகுதியே தீர்ப்பின் உயிர்நிலை என்பது எம் கருத்து. அறியாதவர் வழக்குரைத்தல் இயலாது.

நம் கோயில்களில் வைகாசிச் சடங்கு குளிர்த்தியோடு நிறைவுறும். கனன்ற அன்னையைக் குளிர்விக்கும் அவ்வினை வழக்குரை படித்த பின்னரே நிகழ்வது; முன்னர் நிகழ்வதில்லை. குடிகளின் வழக்கைக் கேளாது அவர்களிடம் அமைதியை மட்டும் வேண்டும் ஆட்சியாளரும் அவர் பக்கம் நிற்கும் செல்வரும் இவ்வொழுங்கின் பொருளை உணர்தல் நன்று.