நான்கு நற்செய்திகளும் ஒரே தமிழும்: கேட்போர் வேறுபாடும் மொழிபெயர்ப்பும்

கடலில் புயல் எழுகிறது. படகில் இயேசு உறங்குகிறார். சீடர் அஞ்சி அவரை எழுப்புகின்றனர். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இந்நிகழ்ச்சியைக் கூறுகின்றனர். ஆயின் சீடர் அவரை விளிக்கும் சொல் மூன்று நூல்களிலும் மூன்றாக உள்ளது. மாற்கில் அது 'திதாஸ்கலே', அதாவது ஆசிரியரே என்பது. மத்தேயுவில் 'கீரியே', ஆண்டவரே என்பது. லூக்காவில் 'எபிஸ்தாத்தா', மேலாளுநரை, பொறுப்பாளரை விளிக்கும் கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில் லூக்காவைத் தவிர வேறெவரும் இவ்விளியை ஆளவில்லை. ஒரு படகு, ஒரு புயல், மூன்று விளிகள்! அச்சத்தில் அலறியவர்கள் ஒரு முறைதான் அலறியிருப்பர். எனவே இவ்வேறுபாடு படகில் இருந்தவர்களைக் காட்டிலும், கதையைக் கேட்க அமர்ந்திருந்தவர்களைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது எனக் கொள்ளலாம்.

நற்செய்தியாளர் தத்தம் கேட்போரை நோக்கிக் கதைகளைத் தெரிந்தெடுத்தனர் என்னும் கருத்து புதிதன்று. இரண்டாம் நூற்றாண்டினரான பாப்பியாஸ் கூறியதாக யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் ஒரு குறிப்பைத் தருகிறார். பேதுரு தேவைகளுக்கு ஏற்பப் போதித்தார் என்றும், அவர் கூறியவற்றை மாற்கு எழுதிவைத்தார் என்றும் அக்குறிப்பு சொல்லும். 'தேவை' என்னும் இச்சொல்லிலேயே பிற்கால ஆய்வின் விதை உள்ளது. 1950-களில் கொன்செல்மன் லூக்காவையும் மார்க்சன் மாற்கையும் தனித்தனியே ஆராய்ந்து, இவர்கள் வெறும் தொகுப்பாளர் அல்லர், நோக்கத்தோடு எழுதிய ஆசிரியர் என நிறுவ முயன்றனர். சமூக மொழியியலில் ஆலன் பெல் 1984-இல் வகுத்த, கேட்போருக்கு ஏற்ப நடை அமைகிறது என்னும் கொள்கையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

சான்றுகளுக்குக் குறைவில்லை. கைகழுவாமல் உண்ணும் சீடரைப் பரிசேயர் குறைகூறும் பகுதியில், யூதர் கைகழுவும் வழக்கத்தையும் கிண்ணங்களைக் கழுவும் வழக்கத்தையும் நின்று விளக்குகிறார் மாற்கு. மத்தேயுவில் இவ்விளக்கம் இல்லை. அவருடைய கேட்போருக்கு அது வீட்டு வழக்கம். ஏழைக் கைம்பெண் இட்ட இரு சிறு காசுகள் எவ்வளவு என்பதை உரோமக் காசின் பெயரால் சொல்கிறார் மாற்கு. அதே கதையைக் கூறும் லூக்கா அதனை விட்டுவிடுகிறார். மணவிலக்குப் பற்றிய பகுதியில் கணவனை விலக்கும் மனைவியையும் மாற்கு குறிப்பிடுகிறார். உரோமச் சட்டத்தில் அது நிகழக்கூடியது. யூத மரபிலோ விலக்கும் உரிமை பொதுவாகக் கணவனுடையது. மத்தேயு கணவனை மட்டுமே பேசுகிறார்.

கதைத் தெரிவிலும் இது தெளிவு. சமாரியர் ஊர்களுக்குள் போகாதீர் எனச் சீடருக்கு இடும் கட்டளை மத்தேயுவில் மட்டுமே உண்டு. நல்ல சமாரியன் கதை லூக்காவில் மட்டுமே உண்டு. மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல் ஆபிரகாமில் தொடங்குகிறது. லூக்காவின் பட்டியல் ஆதாமில் போய் முடிகிறது.

எனினும் இக்கொள்கையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. மத்தேயுவும் 'இம்மானுவேல்', 'கொல்கொதா' ஆகிய சொற்களுக்குப் பொருள் தருகிறார். யூதருக்கு மட்டுமே எழுதியவர் அதைச் செய்யவேண்டியதில்லை. ஒவ்வொரு நற்செய்திக்குப் பின்னும் தனித்தனியே ஒரு சிறு சமுதாயத்தைக் கற்பித்துக்கொள்ளும் போக்கை ரிச்சர்டு பாக்கம் 1998-இல் பதிப்பித்த தொகுப்பு வன்மையாக மறுத்தது. இந்நூல்கள் தொடக்கத்திலிருந்தே ஊர் ஊராகச் சுற்றுவதற்கென எழுதப்பெற்றவை என்பது அவர் வாதம். மறுப்பு நியாயமானதே. ஆயினும் கேட்போர் கூட்டம் பெரிது என்பதால் கேட்போரே இல்லை என்றாகிவிடாது.

இந்திய மண்ணில் இதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. ஒன்று பாரசீகத்தில் அமைந்தது. முகலாய அரசவையில் இருந்த இயேசு சபைத் துறவி ஜெரோம் சேவியர், அக்பருக்காக இயேசுவின் வரலாற்றைப் பாரசீக உரைநடையில் எழுதி 1602-இல் அளித்தார். 'மிர்ஆத் அல்-குத்ஸ்' என்பது அதன் பெயர். அப்துஸ் சத்தார் என்னும் அறிஞர் மொழியில் துணைநின்றார். நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக இழைத்து, நற்செய்திகளுக்கு வெளியே வழங்கிய கதைகளையும் சேர்த்துக்கொண்ட நூல் அது. அரசவைக்கு வேண்டியது தொடர்ச்சியுள்ள ஒரு வரலாறு. நால்வர் நான்கு விதமாகக் கூறுவதை அங்கே வைப்பது வாதத்துக்கு வழிதிறப்பதாகவே முடிந்திருக்கும்.

மற்றொன்று தமிழ்க் காப்பியம். 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் வளன் எனப்படும் சூசை. நற்செய்திகளில் சூசை ஒரு சொல்லும் பேசுவதில்லை! பேசாத ஒருவனைக் காப்பியத் தலைவனாக்கியதன் காரணம் கேட்போரிடத்தில் உள்ளது. காப்பியம் கேட்டுப் பழகிய புலவர்க்கு நாட்டு வளமும் நகர வளமும் வேண்டும். நூலும் நாட்டுப் படலம், நகரப் படலம் எனவே தொடங்குகிறது. மத்தேயு தம் நூலைத் தலைமுறைப் பட்டியலோடு தொடங்கியதும் இதே வகையான செயல்தான். ஒரு மரபில் ஊறியவர் எதை முதலில் எதிர்பார்ப்பரோ அதை முதலில் தருதல் அது. அதே முனிவர் உபதேசியாருக்கென எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' எளிய உரைநடை. புலவருக்கு எழுதிய தமிழ் அங்கே தலைகாட்டுவதில்லை. ஒரே ஆசிரியர், ஒரே சமயம், இரண்டு தமிழ்கள்.

இங்குத்தான் மொழிபெயர்ப்பாளருக்கு உரிய கேள்வி எழுகிறது. கேட்போருக்கு ஏற்பப் பிரிந்து நிற்கும் நான்கு நூல்களைத் தமிழாக்கும்போது அப்பிரிவு நிற்கிறதா? சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது முதல் இன்றுவரை தமிழில் பல திருப்புதல்கள் வந்துள்ளன. அவற்றைப் பற்றிய விவாதமோ பெரும்பாலும் கடவுளின் பெயரைச் சுற்றியே நடந்துவந்துள்ளது: சருவேசுரனா, பராபரனா, தேவனா, கடவுளா என்று. நால்வரின் குரல் வேறுபாடு அவ்வளவு கவனம் பெறவில்லை.

சொல் அளவில் 1871-ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் எதிர்பார்ப்பதைவிட நேர்மையானது. புயல் கதையில் அது 'போதகரே', 'ஆண்டவரே', 'ஐயரே' என மூன்று விளிகளையும் பிரித்தே வைக்கிறது. மாற்கின் உரோமக் காசு அதில் 'துட்டு' ஆகிறது. டச்சுக்காரர் காசின் பெயரிலிருந்து வந்த இச்சொல், அயல் ஆட்சியின் காசுக்கு அயல் ஆட்சியின் காசாகவே அமைந்துவிட்டது. திட்டமிட்டுச் செய்தார்களோ, தற்செயலோ, பொருத்தம் வியப்பூட்டுகிறது. 1995-இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் மத்தேயுவுக்கு 'விண்ணரசு', பிறருக்கு 'இறையாட்சி' எனப் பிரித்துக் காத்துள்ளது.

நழுவிய இடங்களும் உண்டு. நூறு வீரரின் தலைவனைக் குறிக்க மாற்கு 'கெந்தூரியோன்' என்னும் இலத்தீன் கடன்சொல்லை ஆள்கிறார். மத்தேயுவும் லூக்காவும் கிரேக்கச் சொல்லையே ஆள்கின்றனர். தமிழில் மூவருக்கும் ஐக்கியத் திருப்புதல் 'நூற்றுக்கு அதிபதி' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'நூற்றுவர் தலைவர்' என்றும் ஒன்றுபோலவே எழுதின. 'கலெக்டர்' என்பதற்கும் 'மாவட்ட ஆட்சியர்' என்பதற்கும் இடையே தமிழர் உணரும் வேறுபாட்டை நினைத்தால் இழந்தது எதுவெனப் புரியும்.

பேரிழப்பு தொடரமைப்பில்தான் நேர்கிறது. மாற்கின் கிரேக்கம் 'கய்' என்னும் இணைப்புச் சொல்லால் சிறு சிறு முற்றுத்தொடர்களை அடுக்கிச் செல்வது. வந்தான், கண்டான், விழுந்தான், கேட்டான் என்பது போன்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளரின் கை இத்தகைய அடுக்கைக் கண்டவுடன் தானாகவே வினையெச்சமாக்குகிறது: வந்து, கண்டு, விழுந்து, கேட்டான். இலக்கணப்படி குற்றம் இல்லை; தமிழின் இயல்பே அது. ஆனால் துண்டு துண்டாகப் பேசியவன் நீள்தொடர் புனையும் புலவன் ஆகிவிடுகிறான். மாறாக, லூக்கா தம் நூலின் முதல் நான்கு வசனங்களைக் கற்றோர் போற்றும் ஒரே நெடுந்தொடராக அமைத்து, ஐந்தாம் வசனத்தில் பழைய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் நடைக்குச் சட்டென மாறுகிறார். கற்றறிந்த தெயோப்பிலுவை வாசலில் வணங்கி வரவேற்று, பின் வேறொரு வீட்டுக்குள் அழைத்துச் செல்வது போன்றது இது. தமிழில் வாசலும் வீடும் ஒரே 'வேதாகம நடை'யில் கட்டப்பட்டுள்ளன. வினையெச்சத்தால் மாற்கு உயர்த்தப்படுகிறார்; ஒரே நடையால் லூக்கா தாழ்த்தப்படுகிறார்; இருவரும் நடுவழியில் சந்திக்கின்றனர்.

இதற்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூற இயலாது. பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு திருமொழிகளைக் கேட்கும் சபை, அவற்றுள் மூன்று லூக்காவில் மட்டும், மூன்று யோவானில் மட்டும், ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும் மட்டும் உண்டு என்பதை எண்ணுவதில்லை. கிறிஸ்து பிறப்புக் குடிலில் லூக்காவின் இடையரும் மத்தேயுவின் ஞானியரும் ஒரே வைக்கோலில் நிற்கின்றனர். நான்கையும் ஒன்றாக்கும் ஆசை இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியானுக்கும் இருந்தது. பயன்படுத்துவோருக்கு வேண்டியது ஒரு கதை. அதனால் மொழிபெயர்ப்பும் ஒரு குரலை நாடுகிறது.

வேறுபாட்டைக் காக்க முனைவோர்க்கும் ஒரு தடை காத்திருக்கிறது. காத்த சொல் காலத்தில் நிலைப்பதில்லை. 'எபிஸ்தாத்தா'வுக்கு 'ஐயரே' என எழுதிய நாளில் அது நல்ல தேர்வு. போப்பையர், கால்டுவெல் ஐயர் எனப் பாதிரிமாரை அழைத்த சபைக்கு அது மதிப்பும் நெருக்கமும் கலந்த விளி. இன்று அச்சொல் முதலில் ஒரு சாதியையே நினைவூட்டுகிறது. 'ஐயா' என்றால் மதிப்பு நிற்கும், பொறுப்பாளர் என்னும் பொருள் போய்விடும். 'தலைவரே' என்றால் மேடை அரசியல் வந்துவிடும்.

மாற்கின் நிகழ்காலமும் இவ்வாறே. ஏறத்தாழ 150 இடங்களில் அவர் நடந்ததை நிகழ்வதாகவே கூறுகிறார். லூக்கா அவற்றுள் பெரும்பாலானவற்றை இறந்தகாலமாக்கித் திருத்தினார். கதை சொல்லும் தமிழனும் 'வர்றான், பாக்குறான், கேக்குறான்' என நிகழ்காலத்தில்தான் விரைகிறான். ஆகவே இவ்வொரு கூற்றில் தமிழுக்கும் மாற்குக்கும் இயல்பான உறவு உண்டு. அதனை ஏட்டில் ஏற்ற வேண்டுமாயின் மரியாதை விகுதியோடு 'வருகிறார், சொல்லுகிறார்' என எழுதவேண்டும். எழுதினால் வேகம் போய் நேர்முக வருணனையின் தொனி வந்துசேரும். பேச்சுவடிவில் 'சொல்றாரு' என எழுதினால் வேகம் நிற்கும். ஆனால் வாசிப்பு மேடையிலிருந்து அதை உரக்க வாசிக்க எந்தச் சபை இசையும் என்பது வேறு கேள்வி.