சங்கக்கடையும் சந்தாக்கடையும்

கனடாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் உறவினர் சிலர் கொஸ்ற்கோவின் புகழைப் பாடிச் செல்கின்றனர். அக்கடையில் பொருள் வாங்க ஆண்டுதோறும் சந்தா கட்டவேண்டும். 2024 செப்டெம்பர் முதல் அது 65 டொலர். நூற்றுக்கு ஐந்து மலிவென்று கொண்டால், 1,300 டொலருக்கு வாங்கிய பின்னரே போட்ட காசு மீளும். பெருங்குடும்பத்தார்க்கு அது ஆதாயமே, நாம் மறுக்கவில்லை.

ஆனால் முல்லைத்தீவில் கரைவலை இழுத்து அன்றன்றைக்கு அரிசி வாங்குபவனுக்கு மூடைவிலை மலிவால் யாது பயன்? மூடைக்கு முதல் வேண்டும், வைக்க இடம் வேண்டும், எலிக்கும் ஒரு பங்கு வேண்டும்! கையில் காசுள்ளவனுக்கே மலிவும் கிட்டுகிறது.

இம்முடிச்சை 1844இல் இங்கிலாந்தின் றொச்டேலில் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண் பங்கிட்டு அவிழ்க்க முயன்றனர். கூடி மொத்தமாக வாங்கினர். அவரவர்க்கு வேண்டியதை அளந்து கொண்டனர். நமது சங்கக்கடையின் மூலக்கருத்தும் இதுவே. அங்கே கட்டுவது சந்தாவன்று, பங்கு. பங்கு எத்தனையாயினும் வாக்கு ஒன்றே.

இவ்வளவும் ஏட்டில். 1957இல் தோன்றிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை வன்னி மக்களிற் பலர் கூப்பன் கடையாகவே அறிந்தனர். போர்க்காலத்து நிவாரண அரிசி அவற்றின் வழியே வந்தது, அதை மறத்தலாகாது. எனினும் அந்த நீண்ட வரிசை, கடைக்கு உரியவரையே கைநீட்டுபவராகப் பழக்கிவிட்டது. சென்ற ஆண்டின் இலாபம் எங்கே போயிற்றென்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை சங்க உறுப்பினனுக்கு உண்டு. கொஸ்ற்கோ அட்டைக்காரனுக்கு அது இல்லை. கூட்டத்துக்கு எத்தனை பேர் போகிறோம்?